சாக்கு மூடிய ஜன்னல்

அத்தியாயம் பதினான்கு

அடுப்படிக்கு எதற்காக வந்தோம் என்று தெரியாமல் வள்ளிநாயகி நின்றாள்.

கையில் உப்புச் சிரட்டை இருந்தது. எடுத்தது அவள்தான். எதற்கு எடுத்தாள்? கஞ்சிக்கு உப்புப் போட்டாகிவிட்டது. இறக்கியும் வைத்தாகிவிட்டது. சிரட்டையை வைத்துவிட்டுத் திரும்பியவள் மறுபடியும் நின்றாள். நெற்றிப்பொட்டு இரண்டையும் யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

'பசிதான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று எழும்பி நடக்கிறவர்களுக்குத் தலை சுற்றாமல் வேறென்ன செய்யும்.

வெளியே மழை ஓயவில்லை. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் பக்கத்து அறையில் பேசுவதுகூடக் கேட்காது.

பினாங்கில் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். கொடிமலை உச்சிக்கு ஏறினால்தான் இந்த ஊர்க்காரருக்குக் கம்பளி ஞாபகமே வரும். ஆனால் இந்த ஐப்பசியில் அவர்கள் குடியிருந்த டத்தோ கிராமாட் முழுவதும் நனைந்து ஊறிக் கிடந்தது. பலகைச் சுவரைத் தொட்டால் கை ஈரமாயிற்று. அந்த ஈரத்துக்கு நடுவில்தான், மாதம் நிறையும் முன்னே, யோகலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

யோகலட்சுமி வள்ளிநாயகியின் தம்பி பெண்டாட்டி. தம்பி அம்பிகைபாகன் வீட்டில் இல்லை. ரயில்வேயில் எழுத்தராக இருந்தவனை மாசி மாதம் ஜப்பான்காரர் சயாமுக்கு ரயில் பாதை வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். பெண்டாட்டி முழுகாமல் இருப்பதுகூட அப்போது அவனுக்குத் தெரியாது. அதன்பிறகு ஒரு சொல் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவன் பேரில் விளக்கேற்றி வைப்பது வள்ளிநாயகியின் வேலையாகிவிட்டது.

குழந்தை இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிரசவம் பார்த்த சுலைஹா அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோதே சொல்லியிருந்தாள்:

"இது இன்னும் வயித்துக்குள்ள இருக்க வேண்டிய பிள்ளை, வள்ளிக்கா. அந்தச் சூட்டை இனிமே நீங்கதான் குடுக்கணும். ஈரக்காத்து ஒண்ணு பட்டாக்கூடத் தாங்காது லா."

சொல்வது சுலபம். சூட்டுக்கு எங்கே போவது? வீட்டிலிருந்த ஒரே கம்பளி போன வருஷமே அரிசியாக மாறிச் சமையலும் ஆகிவிட்டது. விறகெல்லாம் ஈரம். கரியோ கண்ணில் காண்பதற்கில்லை. பெட்ரோல் இல்லாத ஊரில் லாரிகள்கூடக் கரியில்தான் ஓடின. அவை தின்ற மிச்சம்தான் அடுப்புக்கு.

வள்ளிநாயகி விடவில்லை. மூட்டை அடியிலிருந்த கரித்தூளைக் கூட்டி அள்ளினாள். களிமண்ணும் உமியும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்தாள். ஒரு மண்சட்டியில் தணல் போட்டு, மேலே உருண்டைகளை அடுக்கி, சாம்பலால் மூடிவிட்டால் மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும். ஆனாலும் பலகை வீடு. எவ்வளவு தணல் போட்டாலும் சூடு இடுக்குகள் வழியே தெருவுக்குப் போயிற்று.

அதற்கும் வழி கண்டுபிடித்தாள். நேற்றுப் பகல் முழுவதும், கிழங்கு மாவைப் பசையாகக் காய்ச்சி, பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து, யோகலட்சுமி படுத்திருந்த அறையின் ஒவ்வோர் இடுக்கையும் ஒட்டி அடைத்தாள். ஜன்னலில் இரண்டு மடிப்புச் சாக்கை ஆணி அடித்து மூடினாள். அப்பா விநாசித்தம்பி பசைச் சட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். இரவில் தணல் சீக்கிரம் அவிந்துவிட்டதால், இன்று விடிந்ததும் கூடுதலாக உருண்டைகள் வைத்து, கதவுக்கு அடியிலும் பழந்துணியைத் திணித்துவிட்டாள்.

இப்போது அறை அடைகோழியின் கூடுபோல் இருந்தது. வழக்கமாகச் செலவாகும் கரியில் பாதிகூட வேண்டியிருக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு வள்ளிநாயகிக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது.

கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

விநாசித்தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். அவருடைய வெளுத்த முகத்தில் இன்று நல்ல சிவப்பு ஏறியிருந்தது.

"கதவைச் சாத்து" என்றார். "சூடு போகுது."

சாத்தினாள். "கஞ்சி குடியுங்கோ அப்பா."

அவர் கோப்பையை வாங்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கம்மா, கந்தோருக்கு நேரமாச்சுதே. என்ரை கோட்டு எங்கை?"

வள்ளிநாயகி கோப்பையை அவர் கையில் திணித்தாள். தங்கம்மா அவளுடைய அம்மா. இறந்து போய் எத்தனையோ வருஷம். அப்பா அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெள்ளைக்காரன் காலத்தில்.

"அப்பா, நான் வள்ளி."

"ஓம், வள்ளிதானே." ஏன் அதைச் சொல்லுகிறாய் என்பதுபோல் பார்த்தார். "ஆர் இல்லையெண்டது?"

அப்பா ஒருநாளும் இப்படித் தடுமாறியதில்லை. இந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் அவரைத்தான் ஜப்பான்காரர் பொறுப்பாக வைத்திருந்தார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அடுத்த தெருவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மருமகன் ஒருவனை ஒளித்து வைத்திருந்தார் என்று போன மாதம் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் திரும்பவில்லை. அதிலிருந்து அப்பா தூக்கத்திலும் விழித்திருப்பவர்போல ஆகிவிட்டார். அந்தப் பயம்தான் மூளையைத் தட்டிவிட்டதோ?

கட்டிலில் யோகலட்சுமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழந்தை அவளுடைய வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. அதன் கன்னமும் சிவந்திருந்தது. 'சூடு பட்டதும் பிள்ளைக்கு நிறம் வந்துவிட்டது' என்று வள்ளிநாயகிக்கு ஆறுதல்.

"யோகம், பால் குடுத்தனியோ?"

"குடிக்கமாட்டன் எண்டுது."

"ஆர்? பிள்ளையோ சொன்னது?"

யோகலட்சுமி திரும்பினாள். அவளுடைய கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. "எனக்குச் சத்தி வருது மச்சாள். கூரையிலை ஆரோ நடக்கினம். இறங்கச் சொல்லுங்கோ."

"மழையடி."

"மழையில்லை." பிறகு, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல, சாதாரணமான குரலில் சொன்னாள்: "அவர் சயாமுக்குப் போகேல்லை. ரயிலாலை இறங்கீட்டார்."

வள்ளிநாயகிக்குக் காதில் இரைச்சல் கேட்டது. மழையா, தலைக்குள்ளா என்று தெரியவில்லை.

"என்ன சொன்னனீ?"

யோகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். வள்ளிநாயகி விநாசித்தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கஞ்சிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

உண்மையில் யோகலட்சுமி அப்படிச் சொன்னாளா? இல்லை, காலையிலிருந்து உப்பையும் கஞ்சியையும் குழப்பிக்கொண்டிருக்கும் தன் காதுதான் அப்படிக் கேட்டதா? வள்ளிநாயகிக்குத் தன்னையே நம்ப முடியவில்லை. அறையைவிட்டு வெளியே வந்து கதவை இறுகச் சாத்தி, துணியை அடியில் ஒழுங்காகத் திணித்தாள்.

அப்பாவுக்கு அறளை பேர்ந்து புத்தி பிசகிவிட்டது. பெற்றவளுக்குச் சன்னி பிடித்துவிட்டது. ஒரே நாளில் இரண்டுமா?

கிழிந்த குடையை எடுத்துக்கொண்டு சுலைஹா வீட்டுக்கு நடந்தாள்.

இரண்டு சந்து தள்ளி வீடு. வழியெல்லாம் முழங்கால் நனையத் தண்ணீர். கரியில் ஓடும் லாரி ஒன்று பின்புறச் சட்டியிலிருந்து புகை கக்கிக்கொண்டு மூச்சிரைத்துப் போயிற்று. ஓரமாக ஒதுங்கி நின்றாள். மழைக்காற்று முகத்தில் அடிக்க அடிக்கத் தலைவலி மெல்ல விட்டது. பாதி வழியில் அதை உணர்ந்து அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வீட்டைவிட்டு வெளியே வந்ததும் வலி போகிறதென்றால், அவ்வளவுதானா தனக்கு அவர்கள்மேல் இருக்கும் அக்கறை?

சுலைஹா வேறொரு பிரசவத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ரயில் சங்கதியை மட்டும் வள்ளிநாயகி சொல்லவில்லை.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லை. உடம்பு கதகதப்பாத்தான் இருக்கு."

"வாந்தி, பெனாத்தல்." சுலைஹா யோசித்தாள். "பெத்த வயிறு சுத்தமாகலேன்னாலும் இப்படி வரும். பயத்துலயும் வரும். இந்த வேரைத் தட்டி வெந்நீர்ல குடுங்க. ரூமைச் சூடா வச்சிக்கங்க. இந்தப் பிரசவம் முடிஞ்சதும் நேரா வர்றேன்."

"சூட்டுக்குக் குறைவில்லை" என்றாள் வள்ளிநாயகி. "ஒரு காத்துப் புகாது."

"அப்ப பயப்படாதீங்க அக்கா."

திரும்பி வரும் வழியில் தலை தெளிவாக இருந்தது. தெளிந்த தலையோடு யோசித்தாள். யோகலட்சுமி சொன்னது பிதற்றல்தான். அம்பிகைபாகன் மேலதிகாரி முன்னால் நாற்காலியில் உட்காரவே யோசிக்கிறவன். ஓடுகிற ரயிலிலிருந்து இறங்கி ஓடுவதாவது? அப்படியே ஓடியிருந்தால் அக்காவுக்குச் சொல்லமாட்டானா? அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

அது பிதற்றல் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுப் படி ஏறினாள்.

வீடு அமைதியாக இருந்தது.

அறைக் கதவைத் திறந்து உள்ளே போய் மூடினாள். நனைந்த உடம்புக்கு அந்தச் சூடு என்ன சுகமாக இருந்தது. அப்பா நாற்காலியில் தலை சாய்ந்து நல்ல தூக்கம். யோகலட்சுமியும் தூக்கம். குழந்தை அழவில்லை. காலையில் இருந்த பிதற்றல் எல்லாம் அடங்கி, வீடே ஓய்ந்து தூங்குகிறது. வள்ளிநாயகி தணல் சட்டிக்குப் பக்கத்தில் குந்தி, இன்னும் இரண்டு உருண்டை வைத்தாள். சாம்பலை இழுத்து மூடினாள்.

கையில் ஏதோ பொட்டலம் இருந்தது. வேர். யார் கொடுத்தது? எதற்கு? பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஈரச் சேலை முந்தானையை அவிழ்த்துப் பிழிய நினைத்தாள். விரல் முடிச்சைத் தேடிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. பரவாயில்லை. சுவரில் சாய்ந்தாள். கொஞ்சம் கண்ணை மூடினால் போதும் என்று இருந்தது.

கட்டிலுக்கு அடியில், சட்டியை ஒட்டினாற்போல், பூனை படுத்திருந்தது. அது பக்கத்து வீட்டுப் பூனை. மழைக்கு ஒதுங்கி இந்தப் பக்கம் வரும்; கஞ்சி கொண்டுவந்தபோது கதவு வழியே நுழைந்திருக்கும். பிறந்த பிள்ளை இருக்கும் அறையில் பூனையா?

"சூ" என்றாள். பூனை அசையவில்லை.

காலால் தள்ளினாள். அது உருண்டது, எழும்பவில்லை. பிடரியைப் பிடித்துத் தூக்கினால் நனைந்த துணிபோல் கையில் தொங்கியது. செத்துவிட்டது போலிருக்கிறது. பிள்ளை பெற்றவள் அறையில் செத்த பூனை கிடக்கலாமா? அந்த ஒரு நினைப்புத்தான் அவளை எழுப்பியது. சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து, கதவைத் திறந்து, அடுப்படி வழியே பின்வாசலுக்குப் போனாள். கால் வேறு யாருடையதோபோல் நடந்தது. பூனையைப் படிக்கட்டில் போட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே திரும்பிப்போய்த் தூங்கவேண்டும்.

பூனைமேல் மழை விழுந்தது. அதன் வயிறு ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடியும். பின்னங்கால் உதறியது. தலையைத் தூக்கிப் பார்த்து, எழுந்து, குடித்தவன்போல் இரண்டு பக்கமும் சாய்ந்து, நீண்ட நேரம் நின்றது. பிறகு வேலிப் பக்கம் போய்விட்டது.

வள்ளிநாயகி அந்த வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே செத்துக் கிடந்தது. வெளியே வந்ததும் எழும்பிப் போகிறது. உள்ளே இருந்தபோது அவளுக்குத் தலைவலித்தது. சுலைஹா வீட்டுக்குப் போகும் வழியில் விட்டுவிட்டது. உள்ளே வந்ததும் விரலுக்கு முடிச்சுப் பிடிபடவில்லை. அப்பா. யோகம். இரண்டுமா, ஒரே நாளிலா? காற்றுப் புகாத அறைக்குள் கரித்தணலின் நஞ்சு. நினைப்பு ஒவ்வொன்றும் சேற்றில் கால் எடுத்து வைப்பதுபோல் வந்தது. வந்து சேர்ந்தபோது அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

அறைக் கதவை அகலத் திறந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்ச் சாக்கை இழுத்தாள். நேற்று அவளே அடித்த ஆணி. வரவில்லை. இரண்டு கையாலும் தொங்கி இழுத்தபோது சாக்கோடு ஒரு பலகைத் துண்டும் பெயர்ந்து வந்தது. மழையும் காற்றும் அறைக்குள் கொட்டின. கட்டிலிலிருந்து குழந்தையை அள்ளிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள்.

குழந்தை அழவில்லை. தலை ஒரு பக்கம் சரிந்தது.

வாசலில் ஊதக்காற்று. எந்தக் காற்று படக்கூடாது என்று ஒரு நாள் முழுவதும் இடுக்கு இடுக்காக ஒட்டினாளோ அந்தக் காற்றில் அவளே குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். உள்ளே வைத்தால் அது கொல்லும். வெளியே வைத்தால் இது கொல்லும். இரண்டுக்கும் நடுவில் எங்கே வைப்பது?

யோசிக்க நேரமில்லை. நனைந்த முந்தானையை உதறித் தள்ளி, இரவிக்கையை விலக்கி, சுற்றியிருந்த துணியை உருவி எறிந்துவிட்டு, குழந்தையை வெறும் உடம்பாக மார்போடு சேர்த்து வைத்து இரவிக்கையை இழுத்து மூடினாள். முகம் மட்டும் வெளியே. அதன் முதுகை விரலால் தேய்த்துக்கொண்டே வாசலில் நடந்தாள். பிள்ளை பெறாத மார்பு. அதற்குச் சூடு இருக்குமா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"மூச்சு விடு அம்மா. விடு. வெளியிலை நல்ல காத்து இருக்கு."

உள்ளே ஏதோ விழுந்தது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்து வாசல் பலகையில் விழுந்து வாந்தி எடுத்தார்.

"அப்பா, யோகம் உள்ளுக்கை கிடக்கிறாள். என்னாலை ஏலாது. பிள்ளை கையிலை."

அவர் அவளைப் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் கையை ஊன்றித் திரும்பவும் உள்ளே போனார். சிறிது நேரத்தில் யோகலட்சுமியைக் கட்டிலிலிருந்து பாயோடு இழுத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, நிலைப்படிக்கு வந்தார். மறுபடி போய்த் தணல் சட்டியைக் கைத்துணியால் பிடித்து எடுத்து வந்து மழைக்குள் எறிந்தார். அது சீறி அவிந்தது. இனி ஒரு மாதத்துக்கு இந்த வீட்டில் கரி கிடையாது என்று வள்ளிநாயகிக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஒரு சங்கதியாகவே தோன்றவில்லை.

மார்புக்குள் ஏதோ அசைந்தது. முதலில் தன் இதயத் துடிப்பு என்றே நினைத்தாள். பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சின்னச் சத்தம். அது நின்றது. மறுபடி வந்தது. வர வரக் கோபம் ஏறியது.

குழந்தை அழுதது.

வள்ளிநாயகி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

சுலைஹா வந்தபோது மழை தூறலாகியிருந்தது. பெயர்ந்த ஜன்னல், வாசலில் சிதறிய சாம்பல், பாயில் கண் விழித்துக் கிடந்த யோகலட்சுமி எல்லாவற்றையும் பார்த்தாள். வள்ளிநாயகி நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நானும்ல ரூமைச் சூடா வைங்கன்னு சொன்னேன்."

"அடைச்சது நான்" என்றாள் வள்ளிநாயகி.

"கதவைச் சாத்து சாத்து எண்டது ஆர்?" என்று பாயின் ஓரத்திலிருந்து விநாசித்தம்பி கேட்டார். குரல் பலவீனமாக இருந்தாலும் பழைய அப்பாவின் குரல். "பேந்து கதைப்பம் அதை. இப்ப இந்த ராத்திரிக்குச் சூட்டுக்கு என்ன வழி?"

வழியை வள்ளிநாயகியின் மார்பிலேயே குழந்தை காட்டிக்கொண்டிருந்தது. உறங்கிக்கொண்டிருந்தது. பாதம் குளிரவில்லை. சுலைஹா கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்குக் கரி எதுக்கு? இப்படியே மாத்தி மாத்தி வச்சிக்குங்க. ஆளுக்குக் கொஞ்ச நேரம். இறக்கி வைக்கிற நேரத்துக்கு மட்டும் ஏதாச்சும் பார்க்கணும்."

"தலைகாணி இருக்கு" என்றாள் வள்ளிநாயகி.

இருந்த தலையணைகளைக் கிழித்தார்கள். உள்ளேயிருந்த இலவம்பஞ்சை வெயில் காணாத ஈர நெடியோடு உதறி, மரப்பெட்டி ஒன்றில் நிரப்பி நடுவில் குழி செய்தார்கள். பஞ்சு எல்லார் தலையிலும் ஒட்டியது. முதல் முறை வள்ளிநாயகியுடையது. அடுத்து யோகலட்சுமி. மூன்றாவது தனக்கு என்று விநாசித்தம்பி சொன்னபோது சுலைஹா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆம்பிளை மார்புச் சூடும் சூடுதானே என்று அவர் கேட்டார்.

சுலைஹா போன பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில், விநாசித்தம்பி சட்டையைக் கழற்றி, பேத்தியை மார்பில் போட்டு, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் சாய்ந்திருந்தார். அறையில் வள்ளிநாயகி யோகலட்சுமிக்கு வேர் அவித்த தண்ணீரைக் கொடுத்தாள். ஜன்னலின் வெறும் ஓட்டை வழியே காற்று வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் மூடப் போகவில்லை.

"தலை இப்ப எப்பிடி?"

"நல்லம். ஆனால் ஒண்டும் ஞாபகமில்லை மச்சாள். கனவு கண்டு எழும்பினமாதிரி. நான் ஏதும் கதைச்சனானோ?"

வள்ளிநாயகி யோசித்தாள். கேட்காமல் விட்டுவிடலாம். நஞ்சுப் புகையில் அப்பா செத்த மனைவியைக் கூப்பிட்டார், தான் உப்புப் போட்டதை மறந்தாள், இவள் கூரையில் நடமாட்டம் கேட்டாள். அதோடு அதுவும் போகட்டும்.

"கூரையிலை ஆரோ நடக்கினம் எண்டனீ."

யோகலட்சுமி லேசாகச் சிரித்தாள்.

"அவன் சயாமுக்குப் போகேல்லை எண்டும் சொன்னனீ."

சிரிப்பு நின்றது. அவள் மறுப்பாள், என்ன பிதற்றல் என்பாள் என்று வள்ளிநாயகி காத்திருந்தாள். யோகலட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தை மூடிக்கொண்டாள்.

"யோகம்."

"சித்திரையிலேயே தெரியும் மச்சாள்." விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது. "படகுக்காரர் சீனி முகம்மது வந்து சொன்னவர். ரயில் தண்ணிக்கு நிண்ட இடத்திலை இறங்கி நடந்திட்டாராம். அக்கரையிலைதான். மாக் மண்டினிலை ஒரு மலாய்க்காரர் வீட்டுத் தோட்டம் கொத்திக்கொண்டு இருக்கிறார். சயாமிலை செத்தவைக்கும் கணக்கில்லை, காணாமப் போனவைக்கும் கணக்கில்லை. ஆரும் தேடமாட்டினம், வீட்டுக்கு மட்டும் சொல்லாதை எண்டவர்."

"வீட்டுக்கு எண்டால் எனக்குமோ?"

"மாமாவுக்குத் தெரியக்கூடாது எண்டுதான். மாமா பொய் சொல்லமாட்டார். சொன்னாலும் முகம் காட்டிக் குடுத்திடும். உங்களுக்குச் சொன்னால் மாமாவுக்குச் சொன்னமாதிரி."

அக்கரையில். கப்பல்துறையில் நின்றால் தெரிகிற கரையில். வள்ளிநாயகி எத்தனை வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் காட்டுக்குள் எங்கேயோ கிடக்கிறவனுக்காகக் கண்ணீர் விட்டிருப்பாள். தம்பி உயிரோடு இருக்கிறான். அது சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷம் ஏன் அடிபட்ட இடம்போல் வலிக்கிறது? கட்டிப்பிடித்து அழுவதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியாமல் யோகலட்சுமியின் தோளைப் பிடித்தபடி இருந்தாள். புகை எல்லாம் போய்விட்டது. தலை தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையில் உப்புச் சிரட்டையோடு நின்றபோது இருந்ததைவிடப் பெரிய குழப்பத்தில் இருந்தாள்.

"பிள்ளை பிறந்தது அவனுக்குத் தெரியுமோ?"

"சொல்லி விட்டனான். பாக்கவேணும் எண்டு நிக்கிறாராம். வரவேண்டாம் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும் மச்சாள். நான் சொன்னால் கேக்கமாட்டார்."

கூடத்தில் பலகை கிரீச்சிட்டது.

இருவரும் திரும்பினார்கள். விநாசித்தம்பி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். குழந்தை பசிக்கு உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. பால் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறார். மழை விட்டிருந்ததால் கூரைச் சத்தம் நின்று போயிருந்தது என்பது வள்ளிநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது.

"எந்த இடம் எண்டு சொன்னனீ பிள்ளை?" என்று மருமகளைக் கேட்டார். "எனக்குச் சரியாக் கேக்கேல்லை."

அந்தக் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. வரிசை வீடுகளில் கதவைத் தட்டி, வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்கும்போது பேசுகிற அதே குரல். மகனைப் பற்றிக் கேட்கும் தகப்பன் அதில் இருக்கிறாரா, நாளைக்கு ஜப்பான்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பாளி இருக்கிறாரா? வள்ளிநாயகி அவருடைய முகத்தில் தேடினாள். விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தது.

யோகலட்சுமி குழந்தைக்காகக் கையை நீட்டினாள்.

விநாசித்தம்பி குழந்தையைக் கொடுக்கவில்லை.